செட்டிடம் என்ன கேட்பது? – நிரலாக்கக் கேள்வி பதில்

கேள்வி: கிராஃப் (முனைகளும் அவற்றை இணைக்கும் இணைப்புகளும் கொண்ட அமைப்பு) பாடத்தைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு பயிற்சிக் கணக்கில் மாட்டிக்கொண்டேன். ஒரு குழுவில் 1,00,000 பேர் வரை இருக்கலாம். யார் யாருக்கு நண்பர் என்பதைச் சொல்லும் இணைகள் 1,00,000 வரை தரப்படும். நட்பு இருபக்கமும் செல்லும். ஒருவருடைய நண்பரின் நண்பர் அவருக்கும் நண்பராக இருக்க வேண்டும் என்ற விதி குழு முழுவதற்கும் பொருந்துகிறதா என்பதற்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை சொல்ல வேண்டும். ஒவ்வொருவரின் நண்பர்களையும் லிஸ்டில் வைத்து, அவர்களை இரண்டிரண்டு பேராக எடுத்து, அந்த இருவருக்குள் நட்பு உண்டா என்று தேடினேன், நேரம் போதவில்லை. லிஸ்டுக்குப் பதிலாக ஹாஷ் செட் போட்டால் தீர்ந்துவிடும் என்றார்கள். போட்டேன், வேகம் கூடியது. ஆனாலும் சில சோதனைகளில் நேர எல்லை கடந்துவிடுகிறது. காரணம் என்ன?

பதில்: உங்களுக்குக் கிடைத்த ஆலோசனை தவறன்று, பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஹாஷ் செட்டின் தலையாய வேலை ஒன்றே: ‘இது உன்னிடம் இருக்கிறதா?’ என்று கேட்டால், உள்ளே ஆயிரம் இருந்தாலும் லட்சம் இருந்தாலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விடை சொல்வது. லிஸ்ட் அதே கேள்விக்கு முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும். ஆகவே செட் ஒரு கேள்விக்கான செலவைக் குறைக்கிறது. எத்தனை கேள்வி கேட்கிறோம் என்பதில் அது தலையிடுவதில்லை. உங்கள் நிரலின் சிக்கல் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

எண்களை வைத்தே பார்த்துவிடலாம். எல்லாரும் எல்லாருக்கும் நண்பர்களாக இருக்கும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 447 பேர் இருந்தால் இணைகள் 447 × 446 ÷ 2, அதாவது 99,681. ஒருவர் கூடினால் 1,00,128 ஆகி எல்லையைத் தாண்டிவிடும் என்பதால் இந்தக் கணக்கில் வரக்கூடிய மிகப் பெரிய முழு நட்புக் கூட்டம் 447 பேர்தான். ஒவ்வொருவருக்கும் 446 நண்பர்கள். அவர்களை இரண்டிரண்டாக எடுக்க 99,235 வழிகள். 447 பேருக்கும் சேர்த்தால் நீங்கள் கேட்கும் கேள்விகள் 4,43,58,045. லிஸ்டில் ஒவ்வொரு கேள்விக்கும் சராசரியாக 223 பேரைப் புரட்ட வேண்டியிருப்பதால் மொத்த வேலை 990 கோடியை நெருங்கியது. செட் அதை நான்கரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக இறக்கிவிட்டது. உங்களுக்குத் தெரிந்த வேகம் அதுதான். ஆனால், ஓரிரு நொடி எல்லைக்குள் பைத்தான் போன்ற மொழியில் நான்கரைக் கோடி கேள்விகளைக் கேட்டு முடிப்பது கடினம்.

இன்னொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் முரண்பாடு கண்ணில் பட்டவுடன் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு நிரல் நிற்கிறதா, அல்லது ஒரு குறியை மாற்றிவைத்துவிட்டு லூப் தொடர்ந்து ஓடுகிறதா? ஒரே ஒருவருக்கு மட்டும் மற்ற 99,999 பேரும் நண்பர்களாக இருக்கும் நட்சத்திர வடிவக் குழுவில் முதல் இருவரைப் பார்த்தவுடனேயே விடை தெரிந்துவிடும். நிற்காமல் ஓடும் நிரலோ ஏறத்தாழ 500 கோடி இணைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி, கேள்வியையே மாற்றுவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு செட் வைத்து, அதில் அவருடைய நண்பர்களோடு அவரையும் சேர்த்துவிடுங்கள். இதை அவருடைய ‘வட்டம்’ என்று அழைப்போம். தன்னையே தன் வட்டத்தில் சேர்ப்பது தேவையற்றதுபோல் தோன்றும், ஆனால் கணக்கின் திறவுகோல் அதில்தான் இருக்கிறது: விதி பொருந்தும் குழுவில், நண்பர்களாக உள்ள எந்த இருவரின் வட்டமும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். தன்னைச் சேர்க்காமல் விட்டால் என் செட்டில் நீங்கள் இருப்பீர்கள், நான் இருக்கமாட்டேன். உங்கள் செட்டில் நான் இருப்பேன், நீங்கள் இருக்கமாட்டீர்கள். ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாது.

ஆகவே, தரப்பட்ட ஒவ்வொரு இணைக்கும் இருவரின் வட்டங்களும் சமமா என்று கேட்டால் போதும் என்ற முடிவுக்குத்தான் பலரும் வருவார்கள். முடிவு சரியானதே. ஆனால் நம் 447 பேர் கூட்டத்தில் இதன் செலவைப் பாருங்கள்: 99,681 ஒப்பீடுகள், ஒவ்வொன்றிலும் 447 பேரைச் சரிபார்க்க வேண்டும், மொத்தம் 4,45,57,407. சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம்.

தப்பிக்கும் வழி, ஒவ்வொருவரையும் ஒரே ஒருவரோடு மட்டும் ஒப்பிடுவது. ஆட்களுக்கு 1 முதல் வரிசையாக எண்ணிட்டு, ஒருவருடைய வட்டத்தில் மிகச் சிறிய எண்ணுக்கு உரியவரை அவருடைய ‘தலைவர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தனக்குத்தானே தலைவராகவும் இருக்கலாம். இணைகளைப் படிக்கும்போதே சிறிய எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தால் இதற்கென்று தனியாக வரிசைப்படுத்த வேண்டியதில்லை. பிறகு ஒவ்வொருவரின் வட்டமும் அவருடைய தலைவரின் வட்டத்துக்குச் சமமா என்று மட்டும் பாருங்கள். 447 பேர் கூட்டத்துக்கு 447 ஒப்பீடுகள், ஒவ்வொன்றிலும் 447 பேரைச் சரிபார்த்தல், மொத்தம் 1,99,809. எந்த உள்ளீடாக இருந்தாலும் வட்டங்களின் மொத்த அளவு ‘ஆட்களின் எண்ணிக்கை + இணைகளின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு’ என்பதைத் தாண்ட முடியாது. அதாவது அதிகபட்சம் 3,00,000. இரண்டு செட்களின் அளவு வேறுபட்டால் உள்ளே எட்டிப் பார்க்காமலேயே ‘சமமில்லை’ என்று சொல்லிவிடலாம் என்பதால் ஓர் ஒப்பீட்டின் செலவு அவரவர் வட்டத்தின் அளவைத் தாண்டுவதில்லை.

தலைவரோடு மட்டும் ஒப்பிட்டால் போதுமா, ஏதாவது ஓர் இணை நழுவிவிடாதா என்ற ஐயம் வர வேண்டும்; வராவிட்டால்தான் கவலை. அ, ஆ இருவரும் நண்பர்கள், எல்லா ஒப்பீடுகளும் சமம் என்று வந்துவிட்டன என்று கொள்வோம். ஆ என்பவர் அ-வின் வட்டத்தில் இருக்கிறார். அந்த வட்டமும் அ-வின் தலைவருடைய வட்டமும் ஒன்றே. எனவே ஆ அந்தத் தலைவரின் வட்டத்திலும் இருக்கிறார். நட்பு இருபக்கமும் செல்வதால் அந்தத் தலைவரும் ஆ-வின் வட்டத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே ஆ-வின் தலைவருக்கு அதைவிடப் பெரிய எண் இருக்க முடியாது. இதே வாதத்தை ஆ-விலிருந்து தொடங்கினால், அ-வின் தலைவருக்கு ஆ-வின் தலைவரைவிடப் பெரிய எண் இருக்க முடியாது என்று வரும். அப்படியானால் இருவருக்கும் ஒரே தலைவர்தான்; இருவரின் வட்டமும் அந்த ஒரே தலைவரின் வட்டத்துக்குச் சமம் என்பதால் தமக்குள்ளும் சமம். நாம் ஒப்பிடாமல் விட்ட இணைகள் எல்லாம் இவ்வாறு தாமாகவே சரியாகிவிடுகின்றன. கையால் சரிபார்க்க வேண்டுமானால் 1–2, 2–3 என்ற இரண்டு இணைகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள்: 2-இன் வட்டத்தில் மூவர், அவருடைய தலைவரான 1-இன் வட்டத்தில் இருவர், அளவிலேயே முரண்பாடு தெரிந்துவிடும்.

இணைந்த தொகுதிகளை (நட்பு வழியாக ஒருவரிலிருந்து மற்றவரை எட்டக்கூடிய கூட்டங்களை) தனித்தனியே கண்டுபிடித்து, தொகுதியில் எத்தனை பேரோ அதற்கு ஒன்று குறைவாக ஒவ்வொருவருக்கும் நண்பர்கள் இருக்கிறார்களா என்று எண்ணியும் இதே கணக்கைத் தீர்க்கலாம். அதுவும் விரைவானதே. ஆனால் உள்ளீட்டில் ஒரே இணை இருமுறை வந்தாலோ, ஒருவர் தனக்கே நண்பர் என்று வந்தாலோ வெறும் எண்ணிக்கை பிசகிவிடும்; வட்டங்களின் செட்டுக்கு இவை இரண்டும் பொருட்டே அல்ல. அதனால் எனக்கு வட்ட முறையே பிடித்திருக்கிறது.

கேள்வி: இரண்டு முனைகளுக்கு இடையே இணைப்பு உண்டா என்று பார்க்க எல்லா இணைகளையும் ஒரே செட்டில் போட்டுவைத்தேன். 3, 5 என்ற இணைப்பு இருந்தும் ‘இல்லை’ என்று வருகிறது. சில நேரம் இல்லாத இணைப்பு இருப்பதாகவும் வருகிறது. இரண்டும் எப்படி ஒரே நிரலில் நடக்கின்றன?

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: செட்டில் போடும் உறுப்பு எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாதது. (3, 5), (5, 3) ஆகியவை செட்டின் கண்ணில் இரண்டு வெவ்வேறு பொருள்கள். திசையற்ற கிராஃபில் அவை ஒன்றே என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதற்குத் தெரியாது. எப்போதும் சிறிய எண்ணை முன்னால் வைத்தே சேருங்கள், கேட்கும்போதும் அப்படியே கேளுங்கள். இரு திசைகளையும் சேர்த்துவைப்பதும் சரிதான். ஆனால் அப்போது செட்டின் அளவைப் பார்த்து இணைப்புகளின் எண்ணிக்கையைச் சொல்லக்கூடாது.

இல்லாத இணைப்பு முளைப்பதற்கு, இரண்டு எண்களையும் ஸ்ட்ரிங்காக்கி (எழுத்துச் சரமாக்கி) ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1, 23 என்பதும் 12, 3 என்பதும் ஒட்டினால் 123 தான். நடுவில் ஒரு பிரிகுறி வைத்தால் சரியாகும். அதைவிட நல்லது, முதல் எண்ணை முனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலான எண்ணால் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, ஒரே முழு எண்ணாக்குவது. 1,00,000 முனைகள் இருந்தால் இந்த எண் ஆயிரம் கோடி வரை போகும். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 214,74,83,647 தான் என்பதால் சி பிளஸ் பிளஸ், ஜாவா எழுதுகிறவர்கள் 64 பிட் வகையை எடுக்க வேண்டும். பைத்தானில் இந்தக் கவலை இல்லை. அங்கே டியூப்பிளை (உருவாக்கிய பின் மாற்ற முடியாத வரிசையை) நேரடியாகவே செட்டில் போடலாம். லிஸ்டைப் போட முடியாது. உள்ளே போன பிறகு மாறக்கூடிய பொருளுக்கு நிலையான ஹாஷ் (பொருளிலிருந்து கணக்கிடப்படும் எண்) இருக்க முடியாது என்பதால் மொழியே தடுத்துவிடும்.

கேள்வி: பி.எஃப்.எஸ். (தொடக்க முனைக்கு அருகிலுள்ளவற்றை முதலிலும் தொலைவிலுள்ளவற்றைப் பிறகும் பார்க்கும் தேடல்) எழுதும்போது பார்த்து முடித்த முனைகளை ஒரு ஹாஷ் செட்டில் வைக்கிறேன். விடை சரியாக வருகிறது, ஆனால் க்யூ (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை) பெருத்து நினைவகம் தீர்ந்துபோகிறது.

பதில்: க்யூவிலிருந்து எடுக்கும்போது முனையைச் செட்டில் சேர்க்கிறீர்கள், க்யூவில் போடும்போதே சேர்த்துவிடுங்கள். எடுக்கும்போது சேர்த்தால், ஒரு முனை தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வேறு பல முனைகள் அதைப் புதியது என்று எண்ணி மறுபடி மறுபடி வரிசையில் நிறுத்தும். மேலே சொன்ன 447 பேர் கூட்டத்தில் சரியான நிரல் க்யூவில் 447 முறை மட்டுமே சேர்க்கும். உங்களுடையது 99,682 முறை சேர்க்கும்.

கேள்வி: ஹாஷ் செட்டின் விடை ‘மாறா நேரத்தில்’ கிடைக்கும் என்று படித்தேன். நிரலாக்கப் போட்டிகளில் அதை நம்பாதே, அரே (எண்ணிட்ட கட்டங்களின் வரிசை) பயன்படுத்து என்று ஒருவர் எச்சரிக்கிறார். எதை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதும் உண்மை. பொருளிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் பெட்டிக்கு நேராகப் போவதுதான் இதன் கருத்து. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் எழுதிய ஒரு உள் குறிப்பிலேயே இது காணப்படுகிறது. பொருள்கள் பெட்டிகளில் பரவலாக விழுந்தால் மாறா நேரம். எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்தால் செட் மறுபடியும் லிஸ்ட் ஆகிவிடுகிறது. 1,00,000 எண்கள் ஒரே பெட்டியில் குவிந்தால், அவற்றைச் சேர்ப்பதற்கே 500 கோடி ஒப்பீடுகள் ஆகலாம்.

தற்செயலாக இது நடப்பது அரிது. வேண்டுமென்றே நடக்கச் செய்வது எளிது. சி பிளஸ் பிளஸில் பரவலாகப் பயன்படும் ஒரு செயலாக்கத்தில் முழு எண்ணின் ஹாஷ் அந்த எண்ணேதான். பெட்டிகளின் எண்ணிக்கையோ முன்கூட்டியே தெரிந்த பகா எண்களில் ஒன்று. அந்தப் பகா எண்ணின் மடங்குகளையே உள்ளீடாகக் கொடுத்தால் கதை முடிந்தது. வலைச் சேவைகளை இதே வழியில் முடக்கலாம் என்று ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் 2003-இல் விரிவாகக் காட்டினார்கள். மருந்து அதற்கு முன்பே தயாராக இருந்தது: ஹாஷ் கணக்கிடும் விதியையே ஓட்டத்துக்கு ஓட்டம் குலுக்கித் தேர்ந்தெடுத்தால் எதிராளியால் முன்கூட்டித் திட்டமிட முடியாது என்பதை லாரி கார்ட்டர், மார்க் வெக்மன் ஆகியோரின் 1979-ஆம் ஆண்டுக் கட்டுரை நிறுவியிருந்தது. பைத்தான் 3.3 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிங்குகளுக்கு இந்தக் குலுக்கல் இயல்பாகவே உண்டு; முழு எண்களுக்கு இல்லை. ஜாவா 8 வேறு வழியில் போயிற்று: ஒரே பெட்டியில் கூட்டம் மிகுந்தால் அந்தப் பெட்டியையே ஒரு சமநிலை மரமாக (விரைவாகத் தேட உதவும், கிளைகளாகப் பிரியும் அமைப்பாக) மாற்றிவிடுகிறது.

தொடக்க நிலைக் கணக்குகளுக்கு என் நடைமுறை இது. முனைகள் 1 முதல் வரிசையாக எண்ணிடப்பட்டிருந்தால், ‘பார்த்தாயிற்றா’ என்பதற்கு உண்மை–பொய் அரே போதும். அதற்கு ஹாஷ் செட் போடுவது வீண். முனைகள் பெயர்களாகவோ, இடைவெளி விட்டுப் பரந்த பெரிய எண்களாகவோ வந்தால் செட் வேண்டும்; அல்லது தொடக்கத்தில் ஒருமுறை பெயருக்கு ஓர் எண் என மாற்றிக்கொண்டு பிறகு அரேக்களோடு போகலாம். இணைகளைச் சோதிக்க வேண்டிய இடத்தில் அரேயால் ஈடுகொடுக்க முடியாது: 1,00,000 முனைகளுக்கு ஆயிரம் கோடி கட்டங்கள் வேண்டும். அங்கே செட்தான் வழி.

கேள்வி: முனைகள், இணைப்புகள் இரண்டும் 1,00,000 வரை. ஆனால் தரப்படும் இணைப்புகள் எல்லாம் மூடப்பட்ட பாதைகள். மற்ற எந்த இரு முனைகளுக்கு இடையிலும் பாதை உண்டு. கிராஃப் எத்தனை துண்டுகளாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். திறந்த பாதைகளைப் பட்டியலிட்டாலே நினைவகம் போதவில்லை. இதைத் தொடக்க நிலைக் கணக்கு என்கிறார்களே!

பதில்: பட்டியலிட முயல வேண்டாம், திறந்த பாதைகள் 500 கோடியை நெருங்கும். இந்தக் கணக்கை நான் விரும்பிச் சொல்லித்தருவதற்குக் காரணமே, செட்டை வழக்கத்துக்கு நேர்மாறாகப் பயன்படுத்த இது கற்றுத்தருகிறது என்பதுதான். பார்த்து முடித்தவற்றுக்குப் பதிலாக, இன்னும் பார்க்காத முனைகளைச் செட்டில் வையுங்கள். தொடக்கத்தில் எல்லா முனைகளும் அதில் இருக்கும். ஒவ்வொரு முனைக்கும் அதனோடு மூடப்பட்ட முனைகளின் செட் ஒன்று இருக்கட்டும். மூடிய பாதையே இல்லாத முனைக்கு வெற்றுச் செட் ஒன்றை வைக்க மறக்காதீர்கள்.

பார்க்காதவற்றிலிருந்து ஒரு முனையை எடுத்துக் க்யூவில் போட்டுத் தொடங்குங்கள். துண்டுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுங்கள். க்யூவிலிருந்து ஒரு முனை வெளியே வரும்போது, பார்க்காதவற்றை இரண்டாகப் பிரியுங்கள்: அந்த முனையோடு மூடப்பட்டவை ஒருபுறம், மற்றவை மறுபுறம். முதலாவது, இரு செட்களின் பொதுவான பகுதி. இரண்டாவது, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்த மீதி. மீதி எல்லாம் திறந்த பாதையால் எட்டப்படுபவை, ஆகவே அவை க்யூவுக்குப் போகின்றன. பொதுவான பகுதியே இனிமேல் ‘பார்க்காதவை’. க்யூ காலியானதும் ஒரு துண்டு முடிந்தது. பார்க்காதவை எஞ்சியிருந்தால் அவற்றில் ஒன்றிலிருந்து அடுத்த துண்டைத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு முறையும் பெரிய செட்டைப் பிரிப்பது செலவில்லையா என்று கேட்பீர்கள். பிரிக்கும்போது ஒரு முனைக்கு இரண்டில் ஒன்றுதான் நேரும். ஒன்று, அது க்யூவுக்குப் போய்விடும். அது வாழ்நாளில் ஒருமுறைதான் நடக்கும். அல்லது, பின்தங்கி நிற்கும். அப்படி நிற்பதற்கு ஒரு மூடிய பாதை காரணமாக இருந்தாக வேண்டும், ஒரு மூடிய பாதை தன் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு முறைதான் அப்படிக் காரணமாக முடியும். மொத்தத்தில் 1,00,000 நகர்வுகள், 2,00,000 பின்தங்கல்கள். முதல் கணக்கில் வந்த அதே 3,00,000. லூப்பில் செட்டைச் சுற்றிவந்துகொண்டே அதிலிருந்து முனைகளை நீக்க மட்டும் முயலாதீர்கள். பைத்தானில் செட்டின் அளவு நடுவில் மாறிவிட்டது என்று பிழை வரும், வேறு சில மொழிகளில் பிழைகூடச் சொல்லாமல் விடை கெடும். பொதுப் பகுதி, கழித்தல் என்று இரண்டு புதிய செட்களாக எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு குறிப்பு. முனைகள் 1,00,000 இருந்து, மூடிய பாதைகள் ஒன்றோடொன்று வேறுபட்ட 1,00,000-க்குள் இருந்தால், விடை 1 அல்லது 2 தான் வரும்: ஒரு முனையை முழுவதும் தனியாக்கவே 99,999 பாதைகளை மூட வேண்டும், இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிரிக்க 1,99,996 தேவைப்படும். ஆகவே பெரிய உள்ளீடுகளை மட்டும் கொடுத்துச் சரிபார்த்தால், எப்போதும் 1 என்று எழுதும் நிரல்கூடப் பெரும்பாலும் தப்பித்துவிடும். 447 முனைகளை எடுத்து 99,681 பாதைகளையும் மூடிப் பாருங்கள்; 447 என்று வர வேண்டும். பிறகு அவற்றில் ஏதேனும் ஒரு பாதையைத் திறந்துவிட்டால் 446.